பருப்பு வேகாத பத்தொன்பது நாள்

செங்கமலத்தின் சமையலறையில் உப்பு டப்பாவின் மேல் சோடியம் குளோரைடு என்று எழுதி ஒட்டியிருக்கும். சமையல் சோடாவின் மேல் சோடியம் பைகார்பனேட். புளிப் பானையின் மேல் டார்டாரிக் அமிலம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே நியூட்டனின் மூன்று விதிகளும் வரிசையாகத் தொங்கும். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அவற்றை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். நாற்பத்தொரு வயதில் பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பரீட்சைக்கு உட்காருகிறவள் வெட்கப்பட ஆரம்பித்தால் படித்த மாதிரிதான்.

இது நடந்த இடம் நிலா. சாம்பல்மேடு என்ற குடியிருப்பு. தரைக்குக் கீழே மூன்று சுரங்கங்கள், அவற்றை அடைத்து நிரப்பிய காற்று, அந்தக் காற்றை நம்பி, பிள்ளைகள் நீங்கலாக, இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் இருநூற்றுப் பதினொரு பேர் எதையும் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இல்லை. பதின்மூன்று வயதானால் காதுக்குப் பின்னால் நகம் அளவில் ஒரு தகடு வைத்துவிடுவார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அதற்குள் இருக்கும். மனதில் கேட்டால் பதில் வந்து நிற்கும்.

மிச்சமிருந்த ஒருத்தி செங்கமலம். அவள் உடம்பு தகட்டை ஏற்கவில்லை. வைத்த மூன்றாம் நாளே சீழ் பிடித்து வெளியே தள்ளிவிட்டது. சமையல்காரிக்கு எதற்குத் தகடு என்று பல வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பூமியிலிருந்து சட்டம் வந்தது. தகடு இல்லாதவர்கள் எழுத்துப் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

அவளுக்குத் திரும்புவதில் ஒன்றுமில்லை. கோவில்பட்டி பஸ்ஸ்டாண்டில் இறங்கினால் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் மகள் மதிவதனி நிலாவில் பிறந்தவள். ஆறில் ஒரு பங்கு எடையில் வளர்ந்த எலும்பு பூமியில் நிற்காது, வந்தால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அதனால் செங்கமலம் போனால் தனியாகத்தான் போக வேண்டும். கணவன் சுடலைமுத்து மண் அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். மகளை அவன் பார்த்துக்கொள்வான். ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் திரையில் பார்த்துத் திரையிலேயே கொஞ்ச வேண்டிய வாழ்க்கையை நினைத்தாலே அவள் புத்தகத்தை எடுத்து விரித்துவிடுவாள்.

இரண்டு வாய்ப்புகள் ஏற்கெனவே போய்விட்டன. முதல் தடவை இருபத்தாறு மார்க், அடுத்த தடவை முப்பத்தைந்து. எழுபதுக்கு நாற்பது வேண்டும்.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம். பந்தி முடிந்து அண்டாக்கள் கழுவியாகிவிட்டன. மதிவதனி மாவு டின்னின் மேல் ஏறி உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து, வாத்தியார் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். வேதியியலில் அம்மா தடுமாறாமல் சொன்னாள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியும் அம்மோனியாவின் ஆவியும் சந்தித்தால் அம்மோனியம் குளோரைடு, அடர்ந்த வெள்ளைப் புகை. புகையைப் பற்றிச் சொல்லும்போது அவள் கை தானாக ஊதுபத்தி சுற்றுவதுபோல் சுற்றியது. சாம்பல்மேட்டில் நெருப்புக்குத் தடை, சமையல்கூட மின்சார அடுப்பில்தான், ஊதுபத்தி கிடையாது. அந்தக் குறையைப் பாடத்தில் தீர்த்துக்கொண்டாள்.

மரபியலில்தான் வழக்கம்போலத் தகராறு வந்தது.

"அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருக்குற ஜீன் ஒண்ணொண்ணு இருக்கு. பிறக்குற பிள்ளைக்குத் தகடு ஒட்டாமப் போக எவ்வளவு வாய்ப்பு?"

"மூணுக்கு மூணு."

"அம்மா."

"என்னட்டி அம்மா? எங்க வீட்டுல மூணு பேரு பிறந்தோம். மூணு பேருக்கும் ஒட்டல. கண்ணால பார்த்ததச் சொல்லுதேன்."

"நாலுல ஒண்ணும்மா. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா ரெண்டு காசு சுண்டிப் போடுற மாதிரி. உங்க வீட்டுல மூணு தடவையும் அப்படி விழுந்துட்டு, அவ்வளவுதான்."

மதிவதனியின் ரத்தப் பரிசோதனை போன மாதமே வந்துவிட்டது. அவளிடம் அந்த ஜீன் ஒன்றுதான் இருக்கிறது, அம்மா கொடுத்தது. தகடு ஒட்டும். வருகிற தைக்குள் வைத்துவிடுவார்கள். அந்தக் காகிதத்தைச் செங்கமலம் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.

"தகடு வச்சா எனக்கு எல்லாம் தெரிஞ்சிருமாம்மா?"

"கேட்டாச் சொல்லுமாம். கேக்கலன்னா கம்முனு கெடக்குமாம். உங்கப்பா மாதிரியேதான்."

பிறகு இயற்பியல். காற்றழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும், அதனால்தான் உயரமான மலைமேல் பருப்பு வேக நேரமாகும் என்று மகள் படித்துக் காட்டினாள். செங்கமலத்துக்கு எரிச்சல் வந்தது. மலைக்கு எதற்குப் போக வேண்டும், இங்கேயே வேகமாட்டேன் என்கிறதே என்றாள். இரண்டரை வாரமாக இதே பாடு. ஒரு மணி நேரத்தில் குழைகிற துவரம்பருப்பு இப்போது இரண்டு மணி நேரம் கொதித்தும் நெருநெரு என்று நிற்கிறது. வெடிக்கிற பாத்திரம் என்பதால் குக்கருக்கும் தடை. சாம்பாரைப் பற்றித் தினமும் புகார். போதாக்குறைக்கு முறுக்குப் பாக்கெட்டுகள் எல்லாம் தலையணை மாதிரி உப்பிப்போய், கெட்டுவிட்டது என்று நாற்பது பாக்கெட்டைக் குப்பையில் போட்டாள். ஊரிலிருந்து பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறான்கள் என்று கப்பல்காரர்களை வாய் வலிக்கத் திட்டியும் ஆயிற்று. படித்ததும் பட்டதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அன்றைக்கு ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பரீட்சை. இரண்டாம் சுரங்கத்துக் கூட்ட அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பூமிக்குப் படம் அனுப்பும் ஒரு கேமரா. மேற்பார்வைக்கு ஹெப்சிபா மேடம். குடியிருப்பின் தலைமை அவர்தான். நாகர்கோவில்காரர், நல்ல மாதிரி. காற்றழுத்தப் பதிவேட்டில் தினமும் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் காபியே குடிப்பார். அன்று அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவலி. கொஞ்ச நாளாக எல்லோருக்கும் தலைவலிதான், பத்து படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் தூக்கம் போதவில்லை என்றார்.

விதியைப் படித்துக் காட்டினார். மூன்று மணி நேரம். நடுவில் எழுந்து கதவைத் தாண்டினால் அந்த இடத்தோடு விடைத்தாள் மூடப்படும், எழுதின வரைக்கும்தான் மார்க்.

செங்கமலம் பேனாவைத் திறந்தாள். முதல் வினா தெரிந்தது, இரண்டாவதும் தெரிந்தது. ஓம் விதி, லென்சின் குவியம், தனிம வரிசை அட்டவணை, அமிலத்தில் லிட்மஸ் என்ன நிறம். தெரிந்த முகங்கள் கல்யாண வீட்டில் எதிர்ப்படுவது போல் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. மனதுக்குள் குதியாட்டம். முப்பது தாண்டியது. முப்பத்தைந்து. இடையில் இருபத்தெட்டாவதாக மரபியல் வினா வந்தபோது மட்டும் பேனா தயங்கி, பழக்க தோஷத்தில் மூணுக்கு மூணு என்றே எழுதிவிட்டது. போகிறது ஒன்று. நாற்பது முடிந்தபோது இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது. இன்னும் ஒன்றுதான், பாஸ் என்ற வார்த்தை காதில் ரீங்கரித்தது.

நாற்பத்தொன்றாவது வினா: நீர் கொதிக்கும் வெப்பநிலை என்ன?

நூறு என்று எழுதப் போனாள். அப்போதுதான் அந்தப் பருப்பு கண் முன்னால் வந்தது. காலையில்கூட அண்டாவில் தளதள என்று கொதித்ததே, கொதித்தும் ஏன் வேகவில்லை? மலைமேல் வேகாது. ஏன் வேகாது? அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், சூடு போதாது. ஏன் சீக்கிரம் கொதிக்கும்? காற்று குறைவு. பேனா நின்றது. முறுக்குப் பாக்கெட் உப்பியது கெட்டுப்போய் அல்ல. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று விரியும், அதுவும் நேற்றுப் படித்ததுதான். தலைவலி. மூச்சுவாங்கல். பயம் பாதி, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் பாதி. எது கூட என்று அவளுக்கே தெரியவில்லை.

உட்கார்ந்தபடியே சொல்லிப் பார்த்தாள். காற்று குறைகிறது மேடம், அழுத்தமானியைப் பாருங்க என்றாள். ஹெப்சிபா காலையில்தான் பார்த்தேன், மூன்று மானியும் சரியாக இருக்கிறது, பதற்றப்படாமல் எழுதுங்கள் என்றார். அதற்கு மேல் பரீட்சை அறையில் பேசக் கூடாது என்று கேமராவைக் காட்டினார்.

இன்னும் இருபத்தொன்பது வினாக்கள் இருந்தன. அவற்றில் பாதிக்காவது பதில் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று ஒரு மனம் சொன்னது. ஒன்றரை மணி நேரத்தில் என்ன ஆகும் என்று எவளுக்குத் தெரியும் என்றது இன்னொரு மனம். மதிவதனி அந்நேரம் மூன்றாம் சுரங்கத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருப்பாள், அந்தக் காற்றைத்தான் குடித்துக்கொண்டு. செங்கமலம் நாற்பத்தொன்றாவது வினாவுக்கு நேரே எழுதினாள்: இங்கே இன்றைக்கு நூறுக்குக் கீழே. அளந்து பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். எழுதிவிட்டு எழுந்தாள்.

"கமலக்கா, கதவைத் தாண்டினா நான் மூடித்தான் ஆகணும்," என்றார் ஹெப்சிபா.

"மூடிக்கோங்க. மூடிட்டுப் பின்னாலேயே வாங்க."

சமையலறைக்குப் போய், தயிருக்கு உறை ஊற்ற அவள் வைத்திருந்த தெர்மாமீட்டரைக் கொதிக்கிற தண்ணீரில் விட்டார்கள். எண்பத்தொன்பதில் நின்றது. ஹெப்சிபா ஒரு விநாடி கண்ணை மூடித் தகட்டைக் கேட்டார். நீர் நூறில் கொதிக்கும், அதனால் கருவி பழுது என்றார். செங்கமலம் வாதாடவில்லை. பனிக்கட்டித் துண்டுகளைத் தண்ணீரில் போட்டு அதில் தெர்மாமீட்டரை வைத்தாள். அது ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. பனி எங்கேயும் பூஜ்யம்தான் மேடம், கருவி சரி, தண்ணிதான் மாறிப்போச்சு என்றாள். பிறகு குப்பையிலிருந்து உப்பின முறுக்குப் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அதை அமுக்கிப் பார்த்த ஹெப்சிபா மறுபடி கண்ணை மூடித் தகட்டைக் கேட்டார்.

"காத்துல நூத்துக்கு முப்பது பங்குக்கு மேல போயிருக்கு," என்றார் மெதுவாக. "மானிகள்ல ஒரு ஏற்பாடு உண்டு கமலக்கா. கொஞ்சம் கொஞ்சமா மாறினா, காத்து மாறலை, மானிதான் நகர்ந்திருக்குன்னு நினைச்சு தன்னையே திருத்திக்கும். மூணும் சேர்ந்து திருத்திக்கிட்டே வந்திருக்கு."

"அழுத்தம் குறைஞ்சா கொதிநிலை குறையும்னு உங்க தகட்டுல இல்லையா?"

"இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருக்கும். கேக்கணும்னு எங்க இருநூத்துப் பதினோரு பேர்ல ஒருத்தருக்கும் தோணலை."

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். சுரங்கச் சுவர்களில் நூற்று நாற்பது மூட்டுகள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் ஒரு வாரம் ஆகும். புகை விட்டால் காற்று போகும் திசையில் போகுமே என்றார் ஒரு பொறியாளர். ஆனால் நெருப்பு வைக்கக் கூடாதே என்று அவரே கையைப் பிசைந்தார். செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. கழிப்பறை கழுவும் அமிலத்தை எடுத்துவரச் சொன்னாள். சிறுநீர் சுத்திகரிக்கும் அறையிலிருந்து அம்மோனியா. காற்றாடிகளை எல்லாம் நிறுத்தச் சொன்னாள். இரண்டையும் தனித்தனித் தட்டில் ஊற்றிச் சாப்பாட்டுத் தள்ளுவண்டியில் பக்கம் பக்கமாக வைத்ததும், புத்தகத்தில் சொன்னபடியே, குபுகுபு என்று வெள்ளைப் புகை கிளம்பியது. முகமூடி போட்டுக்கொண்டு சுடலைமுத்து வண்டியைத் தள்ள, அவள் முன்னால் நடந்தாள். பாதி ஊர் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. ஊதுபத்தி இல்லாத ஊரில் அன்றைக்குச் சாமி புறப்பாடே நடந்துவிட்டது.

முதல் சுரங்கத்தில் புகை நேரே எழும்பியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் பாதி தூரம் போனதும் லேசாகச் சாய்ந்தது. பிறகு நன்றாகவே வளைந்து, வழி தெரிந்தது போல் ஓடி, ஒரு கதவின் இடுக்கில் நுழைந்தது. அது அவளுடைய சரக்கறை. உள்ளே போய்ப் பார்த்தால், துவரம்பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் புகை உறிஞ்சப்பட்டுப் போனது.

மூட்டுகளுக்குப் பக்கத்தில் எதையும் அடுக்கக் கூடாது என்பது விதி. அந்த மூலை ஜில்லென்று இருக்கும். குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் பருப்பில் வண்டு விழாது என்பது அவள் கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த கணக்கு. நிலாவில் வண்டே கிடையாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மாதச் சோதனைக்கு வந்தவர்களும் மூட்டைகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வேகாத பருப்புதான் ஓட்டையை மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

மூட்டைகளை நகர்த்திவிட்டு அந்த மூட்டின் ஓட்டையை அடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. மூட்டின் ரப்பர் வளையம் முக்கால்வாசி பிய்ந்திருந்தது, இன்றோ நாளையோ மொத்தமாகப் போயிருக்கும் என்றார் பொறியாளர். இரவோடு இரவாகச் சேமிப்பிலிருந்து காற்றை நிரப்பினார்கள். மறுநாள் மத்தியானம் பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. சாப்பிட வந்தவர்கள் வாயிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வந்த ஆட்களைப் பார்க்க அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

நிலாவுக்கும் பூமிக்கும் சேதி போக ஒன்றேகால் விநாடி. ஆபீஸ் கடிதம் வர மூன்று வாரம். வந்த கடிதத்தில் முப்பத்தொன்பது மார்க் என்று இருந்தது. நாற்பத்தொன்றாவது வினாவுக்கு விடை நூறு, எழுதியது தவறு. அடுத்த கப்பலுக்கு இருபது நாள் இருந்தது. மதிவதனி கடிதத்தைப் படித்துவிட்டு மாவு டின்னின் மேல் ஏறி உட்கார்ந்தாள். செங்கமலம் பக்கத்தில் போய் நின்று அவள் தலையைத் தடவினாள். மூணுக்கு மூணு என்று எழுதாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

ஹெப்சிபா மேல்முறையீடு எழுதினார். அன்று நீர் எண்பத்தொன்பதில் கொதித்தது, ஆகவே விடை சரி என்று எழுதினார். இரண்டே நாளில் பதில் வந்தது. உங்கள் பதிவேட்டின்படி அன்று அழுத்தம் சரியாக இருந்திருக்கிறது, கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. சரியான அழுத்தத்தில் நீர் நூறில்தான் கொதிக்கும்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்கு வந்தார். பத்தொன்பது நாள் கையெழுத்தையும் அடித்துத் திருத்தி, தவறு என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்த ஒரு மார்க் வரும் என்றார். அதற்குப் பிறகு அவர் தலைமையில் இருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். செங்கமலம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மகள் முகம் நினைவுக்கு வந்தது. அந்த வார்த்தை வெளியே வரவில்லை. அதற்காக அவள் பிற்பாடு பல நாள் கூசினாள்.

"எழுதுங்க," என்றாள். "எழுதும்போது மூட்டைய அங்க அடுக்குனது நான்னும் எழுதுங்க."

"அது எதுக்கு? உங்களுக்கே எதிரா திரும்பிடும்."

"திரும்பட்டும் மேடம். பாதி உண்மைக்கு எவன் மார்க் போடுவான்?"

கப்பல் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது பதில் வந்தது. நாற்பது மார்க், தேர்ச்சி. கூடவே செங்கமலத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஹெப்சிபாவுக்குப் பதவி நீக்கம். மதிவதனி கத்திக்கொண்டு ஓடி வந்து, நிலாவில் மட்டுமே முடிகிற மாதிரி ஒரே தாவில் அம்மாவின் தோளுக்கு வந்துவிட்டாள். மத்தியானம் பாயசம் போட்டாள் செங்கமலம். தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவள் முந்திரி வறுத்ததில்லை.

ஒரு கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு ஹெப்சிபா வந்தார், பொறியாளர்களின் சாதாரணச் சட்டையில். பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டும் போகவில்லை. மாவு டின்னின் மேல் கிடந்த புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இதைக் கொஞ்ச நாள் நான் வச்சுக்கட்டுமா கமலக்கா?"

"உங்களுக்கு எதுக்கு மேடம்? எல்லாம் உள்ளேயே இருக்கே."

"எல்லாம் தெரியும். ஆனா ஒண்ணைக்கூட நான் படிச்சதில்லை."

செங்கமலம் புத்தகத்தை வாங்கி, முந்தானையால் மாவைத் துடைத்து, எதிரே உட்கார்ந்தாள். மகள் உட்காரும் இடத்தில், மகள் கேட்கும் தோரணையில், முதல் கேள்வியைக் கேட்டாள்.

"தண்ணி எத்தன டிகிரியில கொதிக்கும்?"

ஹெப்சிபா சட்டென்று வாயைத் திறந்தார். பதில் அங்கே தயாராக வந்து நின்றது முகத்திலேயே தெரிந்தது. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார். அடுப்பில் இருந்த அண்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தத் தெர்மாமீட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.